பத்தாம் எண்ணை யாருக்குக் கொடுப்பது

ஜூலை 4, வெள்ளி

உறுதியானது: நகர ஹாக்கி கிளப் தன் பழைய ஆட்டக்காரர்கள் நான்கு பேரின் ஜெர்சி எண்களுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறது. இனி அந்த எண்களை யாரும் அணிய மாட்டார்கள். தகவல்: கிளப் செயலாளர் பாபு, போனில், கா. 7.40.

மூட்டம். மழை இல்லை. மலை உச்சி தெரியவில்லை.

பாபு சொன்னது, அப்படியே: "பெரிய டீமெல்லாம் பண்றாங்க இல்ல சார், நம்பர ரிட்டையர் பண்றது. நாமளும் பண்ணலாம்னு. பெவிலியன் செவுத்துல நாலு நம்பர், நாலு பேரு. பதினாலாம் தேதி திங்கக்கெழம பெயின்டர் வராரு. அதுக்குள்ள லிஸ்ட்டு முடிவாவணும். நீங்க கமிட்டில இருங்க. பழைய மேட்ச் எல்லாம் உங்க நோட்டுல தான் இருக்குது."

கமிட்டியில் மூன்று பேர். பாபு, விஜயா டீச்சர், நான். விஜயா டீச்சரின் பெயரே பட்டியலில் இருக்கிறது. அதைப் பேசும்போது மட்டும் வெளியே போய் டீ குடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உத்தேசப் பட்டியல் (வாட்ஸ்அப், கா. 8.15):
1 – யூசுப் பாய், கோல்கீப்பர்.
5 – தேவராஜ், சென்டர் ஹாஃப். காலமாகிவிட்டார்.
7 – விஜயா, பெண்கள் அணி.
10 – கருணாகரன், கேப்டன். பொங்கல் போட்டி இறுதி ஆட்டத்தின் ஒரே கோல்.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அந்த கோலைக் கருணாகரன் அடித்தார் என்று பேப்பரில் எழுதியது நான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேறு எங்கும் பதிவில்லை. எல்லாரும் என் செய்தியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஏழுமலை இறந்து இன்று இருபத்தாறாம் நாள். என் மனைவி சரோஜாவின் தம்பி. அந்த அணியில் மாற்று ஆட்டக்காரன். கோல் தன்னுடையது என்று சொல்லிவந்தவன்.

பாபு போன் செய்ததை சரோஜாவிடம் சொல்லவில்லை. அவள் அலமாரித் தட்டுகளுக்குப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். நம் பேப்பர்தான். அந்த இறுதி ஆட்டச் செய்திக்குப் பிறகு அவள் அதைப் படிப்பதில்லை. விரிப்பாள், மடிப்பாள், பொட்டலம் கட்டுவாள்.

வாங்க: கண் சொட்டு மருந்து. கேஸ் டியூப். ரீஃபில் 2.

ஜூலை 5, சனி

வெயில். பரண் ஏறினேன். முட்டி வலி. நோட்டுகள் உரச்சாக்கில், சணல் கட்டு. எலி கடிக்கவில்லை.

பொங்கல் இறுதி ஆட்டம் மூன்றாவது நோட்டில். என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது.

"இடைவேளை 0–0. வலது பக்கம் பலவீனம். 10 நன்றாக ஓடுகிறார். 4.20 பூத். வரிசை. 4.32 திரும்பினேன். 4.35 – 10 கோல். தூரத்து முனை. மூட்டம், வெளிச்சம் குறைவு."

அவ்வளவுதான்.

பன்னிரண்டு நிமிடம் நான் மைதானத்தில் இல்லை. வெளியூர்ப் பதிப்புக்கு இடைவேளை நிலவரத்தைச் சொல்ல எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண், பிரசவச் செய்தியை ஒவ்வொரு உறவினராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோது ஆட்டம் தூரத்து முனையில். நான் பார்த்தது ஒரு முதுகு. அதில் 10. உடனே ஆட்டக்காரர்கள் சூழ்ந்துவிட்டார்கள்.

பூத்துக்குப் போனதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை.

படித்து முடித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. மூக்கில் தூசி. இரண்டு தும்மல். நோட்டைத் துடைத்து மேஜையில் வைத்தேன்.

ரசம், அப்பளம். சரோஜா கேட்டாள், "பரண்ல இன்னா தேடுறீங்க?" பழைய நோட்டு என்றேன். "கெடைச்சுதா?" கிடைத்தது.

ஜூலை 6, ஞாயிறு

காற்று ஜாஸ்தி. கமிட்டி கூட்டம் மா. 5, பாபுவின் விளையாட்டுச் சாமான் கடையில். கேரம் போர்டுகளுக்கு நடுவே மூன்று ஸ்டூல்.

எண் ஓய்வுக்கு நான் மூன்று அளவுகோல் சொன்னேன். நீண்ட காலம் கிளப்புக்கு ஆடியிருக்க வேண்டும். போன பிறகு அந்த இடம் காலியாகத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லப்படும் சாதனையைப் பதிவில் காட்ட முடிய வேண்டும். பாபு எழுதிக்கொண்டார்.

எண் 1. சிக்கல் உடனே. யூசுப் பாய் ஜெர்சியே போட்டதில்லை. சொந்த ஸ்வெட்டர், பச்சை. ஏப்ரலிலும் அதுதான்.

பாபு: "நம்பரே போடாத ஆளுக்கு எந்த நம்பர சார் ரிட்டையர் பண்றது?"

விஜயா டீச்சர்: "அந்த ஸ்வெட்டர ரிட்டையர் பண்ணியிருந்தா டீமே கும்பிட்டிருக்கும். அவ்ளோ நாத்தம்."

என் நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அணிப் பட்டியல் உண்டு. கோல்கீப்பருக்கு எதிரே 1 என்றுதான் இருக்கிறது. அது போதும் என்று முடிவு.

எண் 5, தேவராஜ். பேச்சே இல்லை. அவர் போன பிறகு இரண்டு வருடம் நடுவில் நிற்க ஆள் கிடைக்காமல் அணி தடுமாறியது. மூவரும் தலையாட்டினோம்.

எண் 7. விஜயா டீச்சர் டீ குடிக்கப் போனார். பாபுவின் சந்தேகம்: எண் 7 போட்ட ஆண் ஆட்டக்காரர் கோபித்துக்கொண்டால்? கிளப்பில் ஒரே செட் ஜெர்சிதான் இருந்தது. சனிக்கிழமை பெண்கள் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆண்கள். அந்த ஏழில் யாரும் மூன்று பருவம் தாண்டவில்லை, விஜயா ஒன்பது. கொடுக்கலாம் என்றேன். டீச்சர் உள்ளே வந்து, "நானே குடிச்சிட்டேன், உங்களுக்கு வாங்கல" என்றார். கண் சிவந்திருந்தது. தெருவில் தூசி.

எண் 10. யாரும் எதிர்க்கவில்லை. பாபு என் பழைய செய்தியின் நகலை உரக்கப் படித்தார். "இடது புறத்திலிருந்து புகுந்த கேப்டன் கருணாகரன்..." கடையில் பந்து வாங்க வந்த ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் கேட்டேன்: "மாத்து ஆட்டக்காரருக்கு அப்ப ஜெர்சி இருந்துதா?"

"ஏது சார்? மொத்தமே செட்டு தானே. சப்ஸ்டிட்யூட் எல்லாம் பனியனோட உக்காந்திருப்போம். உள்ள இருக்கறவன் வெளிய வந்து கழட்டித் தருவான். ஈரமா இருக்கும். அதையே மாட்டிக்கினு ஓடணும்."

"ஆட்டம் முடிஞ்சா?"

"திருப்பிக் குடுத்துடணும். குரூப் போட்டோவுக்கு அவன் அவன் நம்பர்ல நிக்கணும் இல்ல."

பரிசளிப்பில் கருணாகரன் 10 எண் ஜெர்சியோடு கோப்பை வாங்கியதை நான் பார்த்தேன். இரண்டாவது ஆதாரமாக அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம்.

எண் 10-ஐ மட்டும் அடுத்த ஞாயிறு பேசலாம் என்றேன். பாபு காரணம் கேட்டார். சரிபார்க்க வேண்டும் என்றேன். "நீங்க எழுதினதையேவா சார்?"

ஜூலை 7, திங்கள்

குறிக்க ஒன்றுமில்லை. கரண்ட் 9 முதல் 2 வரை இல்லை. பேப்பருக்கான பத்தி எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலை கீழ்பென்னாத்தூரிலிருந்து வருவான். வேனை எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி எதிர்வீட்டாரிடம் திட்டு வாங்குவான். சாப்பிடுவான். என் செய்தியில் எந்த ஊர்ப் பெயர் வந்தாலும் கேட்பான்: "மாமா, நேர்ல போனீங்களா, இல்ல பஸ் போர்ட பாத்து எழுதிட்டீங்களா?" சிரிப்பான். பிறகு ஒன்று சொல்வான், வருடத்துக்கு இரண்டு முறையாவது: "எங்க மாமா நம்பரத்தான் எழுதுவாரு. ஆள எழுத மாட்டாரு." சரோஜா இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நான் ஒவ்வொரு முறையும் சொன்ன பதில்: "பாத்தத தான் எழுதுவேன்."

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் வேனை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறான். தூங்குவதாக நினைத்துப் பயணிகள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மாவட்டப் பக்கத்துக்கு நான்தான் செய்தி கொடுத்தேன். மூன்று வரி. வேன் ஓட்டுநர் என்று போட்டேன்.

இன்றைக்கு டம்ளர் சுடுவது கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது. விரல் சிவப்பு. மருந்து போட்டது 8.10.

ஜூலை 8, செவ்வாய்

பகலில் புழுக்கம். மாலை நாலு துளி.

சரோஜாவிடம் சொன்னேன். கிளப், எண்கள், கருணாகரன், நோட்டு, பூத். எல்லாம் வரிசையாக. அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னிக்கி ராத்திரி ஜெர்சி எல்லாம் நம்ம ஊட்டுக்கு வந்துது. ஞாபகம் கீதா?"

இருக்கிறது. அணியில் சின்னவன் என்பதால் செட்டைத் துவைத்துக் கொண்டுவருவது ஏழுமலையின் வேலை. அவன் மூட்டையாக இங்கே கொண்டுவந்து போடுவான். துவைத்தது சரோஜா.

"அவனுக்குத் தாடைல மூணு தையல். ஆஸ்பத்திரில இருந்து கிளப்புக்குப் போயி மூட்டய தூக்கிக்கினு வந்தான். பந்த அடிச்ச உடனே எவனோ கட்டய தூக்கிட்டான்னு சொன்னான்."

ஆமாம்.

"பத்தாம் நம்பர் காலர்ல ரத்தம். நான் எடுத்துக்கினு வந்து உங்க மேஜமேல வச்சேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க. இது யாரு ரத்தம் பாருங்கன்னு கேட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று அவளைக் கேட்டேன்.

"மேஜ நனையுது, எடுன்னு சொன்னீங்க."

நினைவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மேஜை அதே மேஜை. இதை அதன்மேல்தான் எழுதுகிறேன்.

மொச்சையை அள்ளிக்கொண்டு எழுந்தபோது சொன்னாள்: "எட்டு அலசு அலசினேன். போவல. லேசா தெரிஞ்சிக்கினே இருந்துது. அப்பிடியே மடிச்சி குடுத்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மொச்சைக் குழம்பு. உப்பு கம்மி.

ஜூலை 9, புதன்

வேங்கிக்கால். கருணாகரன் வீடு, கலெக்டர் ஆபீஸ் தாண்டிப் புது மனைப் பிரிவு. மாடி கட்டி முடித்து பெயின்ட் அடிக்கவில்லை. அரசு வேலை, விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கிடைத்தது. பணி ஓய்வு பெற்றுவிட்டார். விண்ணப்பத்தோடு என் செய்தியின் கட்டிங்கையும் வைத்ததாக அவரே முன்பு சொல்லியிருக்கிறார். அதனால்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல ஆதாரமில்லை.

கட்டிங் ஹாலில் மாட்டியிருக்கிறது. கண்ணாடிச் சட்டம். காகிதம் காப்பி நிறம்.

நேராகக் கேட்டேன். "அந்த கோல் யாருது?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். காப்பி வந்தது.

"ஏழுமலையோடது சார்."

"நீங்க?"

"எனக்குக் கணுக்கால் பெரண்டுடுச்சி. கழட்டிக் குடுத்துட்டு வேப்பமரத்தடில உக்காந்திருந்தேன். அவன் போயி அஞ்சு நிமிஷம் இருக்கும். அடிச்சிட்டான். தாடைல வாங்கிக்கினு ஆஸ்பத்திரிக்கிப் போனான். ஜெர்சி எங்கிட்ட வந்துது. காலர்லாம் ரத்தம். பிரைஸ் வாங்கறப்ப உள்பக்கமா மடிச்சி விட்டுக்கினேன்."

"ஏன் சொல்லல?"

"யாருக்கு சார்? கிளப்புல எல்லாருக்கும் தெரியும்."

என் பேனா நின்றது. அவர் தொடர்ந்தார்.

"மறுநாள் பேப்பர பாத்தோம். எம் பேரு. எல்லாரும் இன்னா பேசிக்கினோம்னா, சொந்த மச்சான் பேர எழுதினா ஊரு ஒரு மாதிரி பேசும்னு சார் விட்டுட்டாரு, நேர்மையான மனுஷன்னு. உங்க மேல மரியாத தான் ஜாஸ்தியாச்சு. அத போயி எப்பிடி உங்ககிட்ட கேக்கறது?"

"ஏழுமலை கேக்கலயா?"

"அவன் சொல்லுவான், எங்க மாமாவுக்கு எதுனா காரணம் இருக்கும்னு. அப்புறம் சிரிப்பான்."

அவர் மனைவி: "இவரு அப்பப்ப அந்தக் கண்ணாடிய கழட்டி வைக்கலாம்னுவாரு. மாமனாரு மாட்டினது. எப்பிடிக் கழட்டறது?"

உறுதி: ஒரு சாட்சி. கருணாகரன், நேரில், பெயரோடு வெளியிடச் சம்மதம்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். பக்கத்தில் இரண்டு பேர் மனை விலை பேசிக்கொண்டு வந்தார்கள். முழுவதும் கேட்டேன். இப்போது ஒரு வார்த்தை நினைவில்லை.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. காலையிலேயே வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டம் கடைத்தெருவுக்குள்ளும். யூசுப் பாயின் சாவிக் கடைக்கு நடந்தே போனேன். வழக்கமாகப் பத்து நிமிடம், இன்று நாற்பது.

கடை பாதி திறந்திருந்தது. லாட்ஜ் சாவியைத் தொலைத்த வெளியூர்க் குடும்பம் ஒன்று வாசலில். அவர்களை அனுப்பிவிட்டுப் பேசினார்.

"வாங்க ரிப்போர்ட்டர் சார். ஸ்வெட்டருக்கு நம்பர் போடறீங்களாமே."

இரண்டாவது சாட்சி வேண்டும், அதற்காக வந்தேன் என்றேன். கேள்வியைச் சொன்னேன்.

"நம்ம எதிர் முனைல நின்னோம். எல்லாரோட முதுகும் கீப்பருக்குத்தான் தெரியும். கருணா ஓடறது ஒரு மாதிரி, ஏழு ஓடறது ஒரு மாதிரி. கருணா தல நிமுந்து ஓடுவான். ஏழு பந்த பாத்துக்கினே குனிஞ்சி போவான், ஆடு மேயற மாதிரி. அன்னிக்கி குனிஞ்சி தான் போனான்."

"சத்தியமா தெரியுமா?"

"உங்க கண்ணுக்கு நம்பர் தெரிஞ்சுது. நமக்கு நம்பரே கெடையாது சார், அதனால ஆள பாத்தோம்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "ஏழு மௌத்தான அன்னிக்கி நம்ம வந்தோம். உங்களப் பாத்தோம். நீங்க யாரையும் பாக்கல."

அவர் வந்தது எனக்குத் தெரியாது.

உறுதி: இரண்டு சாட்சி, ஒரு துணி. துணியைப் பார்த்தவள் சரோஜா.

ஏழுமலைக்கு எண் 10 தகுமா என்று திரும்பி வரும்போது யோசித்தேன். என் அளவுகோல்படி தகாது. மூன்று பருவம், பெரும்பாலும் பனியனோடு வெளியே. ஒரு கோல். கருணாகரன் பதினோரு பருவம், கேப்டன். அந்த கோல் இல்லாமலும் தகும். ஆக எண் மாற வேண்டியதில்லை. மாற வேண்டியது என் வரி.

இதை சரோஜாவிடம் சொன்னேன். அவள் அவனுக்கே எண் வேண்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நம்பரு யாருக்கு வேணும்? நீங்க எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்க. அவன் பேர."

ஜூலை 11, வெள்ளி

கீழ்பென்னாத்தூர், காலை 6.50 பேருந்து. இரு பக்கமும் நெல், நடவு முடிந்து பச்சை பிடித்திருக்கிறது. ஏழுமலை வழக்கமாக வேன் நிறுத்தும் இடத்தில் வேறு வேன்.

அவன் மனைவி மல்லிகாவிடம் அனுமதி கேட்க வேண்டும். இறந்தவர் பெயரை வெளியிடும் முன் வீட்டாரைக் கேட்பது என் வழக்கம்.

"பந்தாட்டம் பத்தி ஊட்டுல அவரு பேசினதே இல்லண்ணா. அவரு ஆடின கட்ட வேன்ல சீட்டுக்குப் பின்னாடி இருக்கும். டிக்கி கதவு நிக்காது, அதுக்கு முட்டுக் குடுப்பாரு."

"பேரு போடலாமா?"

"போடுங்க." தண்ணீர் எடுக்க எழுந்தபடி: "உயிரோட இருக்கறப்ப போட்டிருந்தா வேன் பின்னாடி எழுதி ஒட்டியிருப்பாரு. அந்த ஆளுக்கு அடக்கம் கெடையாது."

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரமானது. தண்ணீர் கொடுத்தாள்.

அந்த ஹாக்கி மட்டையைக் கொடுத்தனுப்பினாள், அண்ணிக்கு என்று. பேருந்தில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர்: "பெரியவரே, இன்னும் ஆடறீங்களா?" இல்லை என்றேன்.

மா. 3, திருத்தம் எழுதினேன். ஐந்து வடிவம் கிழித்தேன். அனுப்பியது:

"நகர ஹாக்கி கிளப் பொங்கல் போட்டி இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தவர் கருணாகரன் என்று இந்த நாளிதழில் முன்பு வெளியான செய்தி தவறு. அடித்தவர் மாற்று ஆட்டக்காரர் ஏழுமலை. அவர் களமிறங்கியபோது செய்தியாளர் மைதானத்தில் இல்லை. தவறுக்கு வருந்துகிறோம்."

மா. 4.10, டெஸ்க் போன். சின்ன வயசுக் குரல், மரியாதையான குரல். "சார், இது எப்போ நடந்த மேட்ச்?" சொன்னேன். "சார்... அப்ப நான் பொறக்கவே இல்ல. இத யாரு சார் படிப்பாங்க?"

ஒருவர் படிப்பார் என்றேன்.

"செய்தியாளர் இல்லங்கற வரிய எடுத்துடலாமா? உங்களுக்குத் தான்..."

எடுக்க வேண்டாம் என்றேன்.

ஜூலை 12, சனி

வெயில் ஜாஸ்தி. கண் எரிச்சல். சொட்டு மருந்து வாங்க இன்றும் மறந்தேன்.

கருணாகரன் போன், கா. 10.

"எழுதிட்டீங்களா சார்?"

"அனுப்பிட்டேன்."

"நாளைக்கி கமிட்டிக்கி நானே வரேன். நீங்க சொல்லி நான் ஒத்துக்கினேன்னு இருக்கக் கூடாது. நானே சொன்னேன்னு இருக்கணும். அந்த மட்டுக்காவது உடுங்க."

சரி என்றேன்.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். வேறு எங்கும் எழுத மாட்டேன். மச்சான் பெயரை ஊருக்காக விட்டுவிட்டேன் என்று கிளப் நினைத்தது. அது உண்மையா? அன்று மேஜையில் ஈரத் துணியை வைத்தபோது, ஏழுமலையாக இருக்கலாம் என்று ஒரு கணமாவது தோன்றியதா? தோன்றி, அவன் இல்லாமல் இருப்பதே வசதி என்று எழுதிக்கொண்டே போனேனா? அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். மாமனார் வீட்டு ஆளைத் தூக்கிவிடுகிறான் என்று ஆபீஸில் பேச்சு வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்த காலம்.

நோட்டில் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சாட்சி நான் ஒருவன்தான். என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

மட்டையை சரோஜா கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பெருக்கும்போது அதைத் தூக்கி, பெருக்கி, அதே இடத்தில் வைக்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலை தூறல், அரை மணி நேரம். உச்சியில் மேகம் மா. 4 வரை.

கமிட்டி மா. 5. கருணாகரன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிச் சட்டம். பிரிக்கவில்லை. மடியில் வைத்தபடி சொன்னார், மூன்று வாக்கியத்தில். நான் எழுதியிருந்தால் அதைவிடச் சுருக்க முடியாது.

பாபு என்னைப் பார்த்தார். "சார், அப்ப நீங்க வேணும்னே மாத்தி எழுதல...?"

"இல்ல. நான் பாக்கல. பூத்ல இருந்தேன்."

கடைக்கு வந்த ஆளுக்கு பாபு ஒரு ஷட்டில் டப்பா விற்றுவிட்டு வந்தார்.

விஜயா டீச்சர்தான் முதலில்: "கருணா, கோல் இல்லன்னாலும் பத்து உன்னுது தான். பதினோரு சீசன்."

"லிஸ்ட்டுல எம் பேருக்குப் பக்கத்துல இன்னா போட்டிருந்துது? அந்த கோல் தான. அது போனா நானும் போறேன் டீச்சர்."

"அப்ப ஏழுமலைக்கா?"

"அவன் எங்கிட்ட வாங்கித்தான போட்டான்."

பாபு: "ரெண்டு பேரையும் போட்டுடலாமே. ஒரு நம்பர், ரெண்டு பேரு."

விஜயா டீச்சர்: "அப்பிடிப் பாத்தா என் ஏழுல எத்தன பேரு சேருவாங்க?"

நான் வாக்களிக்கவில்லை. உறவினர் சம்பந்தப்பட்டது என்று சொல்லி விலகினேன். கருணாகரன் லேசாகச் சிரித்தார். "இப்பவுமா சார்?"

முடிவு: நாளை பெயின்டர் 1, 5, 7 எழுதுவார். நான்காவது இடம் சுண்ணாம்போடு விடப்படும்.

கிளம்பும்போது கருணாகரன் சட்டத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொள்வதா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். பரணில் நோட்டுகளோடு வைக்க வேண்டும்.

நிலுவை:
எண் 10. கிளப் பொதுக்கூட்டம், 20-ஆம் தேதி ஞாயிறு, மா. 5.
திருத்தம். செவ்வாய் மாவட்டப் பக்கம், இடம் இருந்தால். இல்லையென்றால் வியாழன். தகவல்: டெஸ்க், மா. 7.05.

சரோஜாவிடம் இரண்டையும் சொன்னேன். எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைத் துடைத்து முடித்துக் கேட்டாள்:

"செவ்வாக்கெழம பேப்பர்காரன் எத்தன மணிக்கிப் போடுவான்?"

ஐந்தே முக்கால் என்றேன்.